பழுதில்லாத ஒரு கழுத்து

"எங்க வூட்டுக்காரரை நாந்தான் கொன்னுட்டனான்னு நீங்கதான் கண்டுபுடிச்சுச் சொல்லணும்மா."

நீலாவதி கேட்ட கேள்வியில், துப்பறிவாளர் சண்முகப்ரியாவின் உதவியாளரான ஓய்வுபெற்ற ஏட்டு ராஜாங்கம் டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

அவள் கணவன் ஜெயராஜ் விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனித் தொழிலாளி. வேலை முடிந்து கூட்டாளி அர்ச்சுனனோடு குடித்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டோ கவிழ்ந்தது. தனியார் மருத்துவமனையில் இருவருக்கும் கழுத்துப்பட்டை போட்டு ஸ்கேன் எடுத்தார்கள். போதையில் இருப்பவன் வலியில்லை என்றால் அதை நம்ப முடியாதல்லவா? அர்ச்சுனனுக்கு எலும்பு முறிவு. ஜெயராஜுக்குப் பழுதில்லை என்று பட்டையைக் கழற்றினார்கள்.

"தண்ணி கேட்டாரு. தலையத் தூக்கிக் குடுத்தேன். மூச்சு நின்னுபோச்சு. நான் தூக்குன வேகத்துலதான் கழுத்து முறிஞ்சுதுன்னு சொல்றாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எதிரே இருந்தவர்களுக்காவது ஆறுதலாக இருந்திருக்கும். மாதா கோயில் வாசலில் எடுத்த கல்யாணப் படத்தை மேசைமேல் வைத்தாள். மாப்பிள்ளைக்கு இரவல் கோட்டு, வெட்கச் சிரிப்பு, குத்தாத காது.

மருத்துவமனையில் அர்ச்சுனன் கழுத்துப்பட்டையோடு அசையாமல் கிடந்தான். காதில் சிவப்புக்கல் கடுக்கன்.

"ஸ்கேனுக்கு இதைக் கழட்டலையா?" என்று கேட்டார் சண்முகப்ரியா.

"கொலசாமி வேண்டுதலுங்க. கழட்டவே மாட்டேன்."

"வலிக்குதா?"

"துளிகூட இல்லீங்க. அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

இருவருக்கும் சிகிச்சை பார்த்த டாக்டர் கோகுலகிருஷ்ணனின் அறையில் சண்முகப்ரியா ஜெயராஜின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். நீலாவதியும் உடனிருந்தாள்.

"எலும்பு நல்லா இருக்குதுன்னு நீங்க சொன்னது சரி, டாக்டர். படம் சுத்தமா இருந்தா போதை தெளியிற வரைக்கும் பட்டையோட காத்திருக்க வேண்டியதில்லை, அதுவும் சரி. இந்த ரெண்டு வெள்ளைப் பொட்டு என்ன?"

"காதுல ஏதோ உலோகம். கடுக்கனா இருக்கும்."

"ஜெயராஜுக்குக் காதே குத்தலீங்களே!" ராஜாங்கம் கத்திவிட்டார்.

சண்முகப்ரியா குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு பேரும் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பீங்கான் மாவு. ஸ்கேன் அறையில அர்ச்சுனனைப் பாத்து 'ஜெயராஜா?'ன்னு கேட்டிருப்பாங்க. குடிச்சவன் எந்தப் பேருக்கும் ஆமாம்பான். வார்டுல மூஞ்சியத் தொடச்சப்புறம் உறவுக்காரங்க வந்து ஆளை அடையாளம் காட்டுனாங்க. படத்துல இருந்த பேரை மட்டும் யாரும் மாத்தலை. அர்ச்சுனன் பேருல இருக்கிற படத்தைப் பாருங்க. முறிஞ்ச அந்தக் கழுத்துப் பக்கத்துல கடுக்கன் இருக்காது."

டாக்டர் பார்த்தார். இல்லை. அர்ச்சுனனின் பட்டையைக் கழற்றச் சொல்ல எழுந்து ஓடினார்.

"அப்ப எங்க வூட்டுக்காரரு கழுத்து முறிஞ்சது அன்னைக்கே இவங்களுக்குத் தெரியும்," என்றாள் நீலாவதி.

"படத்துல பாத்தாங்க. வேற ஆளுக்குப் பட்டை போட்டாங்க. நீங்க கொல்லலம்மா."

"புரியுதுங்க." அவள் வலது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். "ஆனா அவரு தலை கனம் இன்னும் இந்தக் கையிலயே இருக்குதே. இதை யார்கிட்டம்மா எறக்கி வெக்கிறது?"