மூன்றாவது வேர்டு

"பாருடி, நான் செத்துட்டேன்னு எனக்கே இரங்கல் கடிதம் வந்திருக்கு. இன்கிரிமென்ட் மட்டும் வர மாட்டேங்குது." அக்கா தங்கையிடம் காட்டிச் சிரித்துக்கொண்டே காகிதத்தைக் கசக்கி எறிந்தாள். சோதனைக்காகப் போட்ட தன் பெயர் பட்டியலில் தங்கியிருக்கும் என்றாள்.

இறந்துபோன இன்ஷூரன்ஸ் பாலிசிதாரர்களின் வீடுகளுக்குக் கடிதம் அடிக்கும் நிரல் அவள் எழுதியதுதான். அது கணினியில் தனக்கென்று ஒரு எம்.எஸ். வேர்டைத் திறந்து, திரையில் முகம் காட்டாமல் ஓடும். "உன் வேர்டு வேற, அதோட வேர்டு வேற. ஒண்ணு மேல ஒண்ணு கை வைக்காது."

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த அக்கா மேல் லாரி ஏறியது; அங்கேயே இறந்துபோனாள்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை ஆபீஸில் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மதிய உணவுக்கு எல்லோரும் கீழே போயிருந்தார்கள். ஏசியின் முனகலும், பிரின்டரின் சுட்ட மை வாசனையும், யாரோ எழுந்துபோன சுழல்நாற்காலியின், இன்னும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த நிழலும்தான் மிச்சம். ஓடும் நிரல்களின் பட்டியலில் வேர்டு மூன்று இருந்தது. ஒன்று அவளுடையது. ஒன்று அக்காவின் நிரலுடையது. மூன்றாவதை யாரும் திறக்கவில்லை.

மறைந்திருப்பதைத் திரைக்கு இழுக்கும் ஒற்றை வரிக் கட்டளையை அக்கா சொல்லிக்கொடுத்திருந்தாள். அடித்தாள்.

ஒரு கடிதம். இன்றைய தேதி. அம்மாவின் பெயர், வீட்டு முகவரி. 'தங்கள் இளைய மகள்' என்பதோடு நின்றிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க, அவள் பெயரின் முதல் எழுத்து விழுந்தது.

மூடினாள். திரும்ப வந்தது. இரண்டாம் எழுத்தோடு. பிளக்கைப் பிடுங்கினாள். மறுபடி போட்டபோது மூன்றாம் எழுத்து.

அழிக்கும் விசையை அழுத்தினாள். அதற்கு மட்டும் கடிதம் பணிந்தது. மூன்றும் போயின.

"அக்காவைத் தூக்கிட்டுப் போனே, போதும்," என்றாள் திரையிடம். "அம்மா ஒரு சாவுல இருந்தே இன்னும் எழுந்திருக்கல. ரெண்டாவது சாவு அந்த வீட்டுக்கு வராது. உன்னால ஆனதப் பாத்துக்கோ."

ஓர் எழுத்து விழுந்தது. அழித்தாள். விழுந்தது. அழித்தாள்.

தோளில் இடுக்கிய போனில் அம்மா. "சாப்பிட்டியாடி?"

"கை வேலையா இருக்கும்மா. நீ சாப்பிடு. நான் வந்துடுவேன்."

விரல் மரத்துவிட்டது. அழிக்கும் விசையிலிருந்து எடுக்கவில்லை. அவள் கைக்குப் பக்கத்தில், யார் விரலும் படாமல், அவள் பெயரின் முதல் எழுத்துக்குரிய விசை மெல்லக் கீழே அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது. அந்தக் குழியில் விரல்நுனி அளவுக்கு ஈரம்.

'இளைய மகள்' என்பதற்குப் பிறகு இன்னும் வெற்றிடம்தான்.