கைப்பிரேக் போடாத கார்

கெய்ரோவின் பழைய தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. இடம் கிடைக்காதவர்கள் அடுத்தவர் காரை மறித்துத் தங்கள் காரை நிறுத்துவார்கள். ஆனால் கைப்பிரேக் போட மாட்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைக் கொஞ்சம் தள்ளிவிட்டு வெளியே போகலாம்.

ஊருக்கு வெளியே கட்டிய புதுக் குடியிருப்புக்கும் அந்த வழக்கம் குடிவந்தது. வீடுகளைக் கட்டியவர்கள் கார்களை மறந்துவிட்டார்களே! ஆனால் அங்கே தெரு சரிவானது என்பதை யாருமே யோசிக்கவில்லை.

அன்று மதியம் மாடிவீட்டு ரம்ஸி மாமா, நஸீஃப் மாமாவின் வெள்ளைக் காரை மூச்சு வாங்கத் தள்ளினார். சிறுமி ஹனீன் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"இந்த நஸீஃபுக்கு என் வண்டி முன்னாடிதான் இடம் கிடைக்குமா?" என்று முணுமுணுத்துவிட்டு, ரம்ஸி மாமா தன் காரில் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளைக் கார் மெல்ல நகர்ந்தது. உள்ளே யாரும் இல்லை!

ஹனீன் சரிவின் அடியைப் பார்த்தாள். அவளுக்கு உயிரே போய்விட்டது. தம்பி ஸியாத் நடுத்தெருவில் உட்கார்ந்து சுண்ணக்கட்டியால் பூனை வரைந்துகொண்டிருந்தான்.

"ஸியாத்! எந்திரிடா! ஓடுடா!"

"இரு அக்கா, வாலு மட்டும்தான் பாக்கி!" அவன் திரும்பவே இல்லை.

கார் கதவு பூட்டியிருந்தது. பிடித்து நிறுத்தவா முடியும்? பாதி கட்டிய வீட்டின் முன்னால் செங்கல் குவிந்திருந்தது. ஓடிப்போய் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் நின்று சக்கரத்தின் முன்னால் போட்டாள்.

செங்கல் நொறுங்கியது. கார் நிற்கவில்லை.

ஹனீன் திரும்பவும் ஓடினாள். அங்கே கிடந்த பெரிய சிமெண்ட் கல் ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து தள்ளினாள். சக்கரம் அதில் முட்டியது, முனகியது, நின்றது.

சத்தம் கேட்டுப் பெரியவர்கள் ஓடிவந்தார்கள்.

"கைப்பிரேக் போட்டா என்னய்யா கேடு?" என்று ஒருவர் கத்தினார்.

"போட்டா, காலையில வண்டியை எடுக்க முடியலைன்னு நீங்கதானே கத்துவீங்க!" என்றார் நஸீஃப் மாமா. அவர் முகம் வெளிறியிருந்தது.

ஹனீன் ஓடிப்போய்த் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, பிரேக் போட வேணாம். சக்கரத்துக்கு முன்னாடி பெரிய கல்லு வைங்க. தள்ளுறவங்க அதை எடுத்துட்டு, தள்ளினதும் மறுபடியும் வைக்கணும்."

சண்டை அடங்கியது. ஆபீஸ் உடுப்போடு இருந்த மாமாக்கள் எல்லாரும் அங்கேயே கல் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

"கையை விடுக்கா, வலிக்குது!" என்றான் ஸியாத்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை ஹனீன் விடவில்லை.