முப்பத்தொன்று நாளை அல்ல!

போன் அலறியது.

கொக்குவில் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தனுசியா திரும்பி ஓடி எடுத்தாள்.

"தங்கச்சி, இன்ஸ்பெக்டர் பிரகாஸ் கதைக்கிறன். ஸ்ரேசனுக்கு வந்து ஏதோ கணக்குச் சொல்லிப்போட்டுப் போனியளாம்?"

"ஓம் சேர். முப்பத்தொண்டு!"

"அதுக்கென்ன?"

"அது முதன்மை எண் சேர். ஆராலும் சமனாப் பங்கு போடேலாது..."

"தங்கச்சி! உங்கடை அண்ணை கொலைக்கேசிலை மறியற்சாலையிலை கிடக்கிறார். நீங்கள் எனக்குக் கணக்குப் படிப்பிக்கிறியள்!"

தனுசியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரியூசன் சென்ரர் நடத்திய சோமசேகரம், ஒரு வியாழக்கிழமை தன் வீட்டுக் கிணற்றில் பிணமாக மிதந்தார். பின்மண்டை பிளந்திருந்தது! முதல் நாள் புதன் பின்னேரம், 'இன்று வகுப்பு இல்லை' என்று அவருடைய போனில் இருந்து மெசேஜ் வந்திருந்தது. ஆகவே அதுவரை உயிரோடு இருந்தார் என்றது பொலிஸ். புதன் இரவு அவர் வேலியடியில் நின்று, எல்லைத் தகராறில் கத்திய பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரனை அள்ளிக்கொண்டு போனார்கள்.

தனுசியாவின் ஒரே அண்ணன்!

"சேர், மெசேஜை ஆரும் அனுப்பலாம். செவ்வாய் முழுக்க அண்ணை கொழும்பிலை. சோமசேகரம் சேர் செவ்வாயே செத்திருந்தால்?"

"சாட்சி?"

"கொலைகாரன்தான்!"

"கொலைகாரனோ?"

"நாளைக்கு வெள்ளி, ஊரறிய அந்தியேட்டிச் சடங்கு. புதனிலையிருந்து எண்ணின முப்பத்தோராம் நாள். ஆனா செவ்வாயிலையிருந்து எண்ணினால்... இண்டைக்கு! முப்பத்தொண்டு முடியுமட்டும் செத்தவர் சுத்தித் திரிவாரெண்டு பயப்பிடாத ஆள் எங்கடை ஊரிலை ஆர் சேர்? பொலிசை ஏமாத்தினவன் செத்தவரை ஏமாத்த மாட்டான். கடன் கழிக்கக் கீரிமலைக் கடலுக்கு வருவான்."

"எங்கடை குருநகர்த் தேவாலயத்திலையும் முப்பத்தொண்டுக்குப் பூசை குடுக்கிறதுதான். அதுக்காக? படம் பாக்கிறதைக் கொஞ்சம் குறையுங்கோ!"

டொக்!

வாசலில் ஹோர்ன் சத்தம். கோபிசங்கர். அதே சென்ரரில் அவளோடு கணிதம் படிப்பிப்பவன். கீரிமலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னதுமே, "தனியப் போகாதேங்கோ ரீச்சர், நானும் வாறன்" என்று ஒட்டிக்கொண்டவன்.

மோட்டார் சைக்கிள் மருதனார்மடச் சந்தையைத் தாண்டிப் பறந்தது.

"ஆரிலை சந்தேகம் ரீச்சர்?"

"அவற்றை தம்பி அருளம்பலத்திலை. காணி முழுக்க இனி அவருக்குத்தானே."

"நானும் அதைத்தான் நினைச்சன்!" கோபி சிரித்தான். "முப்பத்தொண்டு ஒரு வடிவான எண், என்ன? திருப்பிப் போட்டால் பதின்மூண்டு. அதுவும் முதன்மை எண்."

"ஒரு கையாலை எண்ணி முடிக்கலாம். விரலுக்கு ஒண்டு, இரண்டு, நாலு, எட்டு, பதினாறு எண்டு பேர் வையுங்கோ. ஐஞ்சையும் மடக்கினால்..."

"முப்பத்தொண்டு!"

கோபி இடது கையை உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

அது ஒரு குத்துகிற கையாக இருந்தது.

தனுசியாவுக்கு ஏனோ குளிர்ந்தது...

கீரிமலை. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். தூங்கி எழாத உலகம் போல ஒரு அமைதி. சற்று நேரத்தில், தலையில் துவாயைப் போட்டபடி ஒரு ஆள் மட்டும் வந்து கரைக் கல்லில் குந்தினார்.

அருளம்பலம் வரவில்லை.

வெயில் ஏறியது. அப்போதும் வரவில்லை!

"வந்ததுக்குக் கடலிலை ஒரு முழுக்குப் போட்டிட்டு வாறன். நீங்கள் வழியைப் பாத்துக்கொள்ளுங்கோ ரீச்சர்."

கோபி பாறைகளுக்குப் பின்னால் மறைந்தான்.

நேரம் போனது. 'அண்ணை, என்ரை கணக்குப் பிழைச்சிட்டுதோ?' தனுசியாவின் கண் கலங்கியது. திரும்பிப் போகலாம் என்று கோபியைத் தேடிப் பாறைப் பக்கம் நடந்தாள்.

குரல் கேட்டது.

"சேர்... நான் வினாத்தாள் வித்ததை வெளியிலை சொல்லுவன் எண்டு வெருட்டினியள். செவ்வாய்க்கிழமை கல்லைத் தூக்கினது கோபந்தான் சேர்... புதன் உங்கடை போனிலை மெசேஜ் போட்டது பயத்திலை... இண்டையோடை என்னை விட்டிடுங்கோ..."

இடுப்பளவு தண்ணீரில் கோபி! ஏந்திய கையில் இருந்து எள் கரைந்து அலையில் போனது.

தனுசியாவின் காலடியில் கல் உருண்டது.

அவன் திரும்பினான்.

"ரீச்சர்... கேட்டிட்டியளோ?"

"நீங்களோ... கோபி?"

"நாளைக்கு எல்லாரோடையும் நிண்டு செய்திருப்பன். ஆனா ஒவ்வொரு நாளும் அவர் வந்து கட்டில் காலடியிலை நிக்கிறார்! அவருக்குச் சரியான நாள் தெரியுமெல்லோ?" நீர் சொட்டச் சொட்டக் கரையேறினான். "உங்கடை எண்ணிக்கை திறம். அதை என்னட்டைச் சொல்லியிருக்கக்கூடாது... இந்தப் பாறையள் வழுக்கும் ரீச்சர்."

அவளுடைய தோளில் அவன் கை விழுந்தது.

"வீல்ல்ல்!"

அடுத்த கணம் அந்தக் கை முறுக்கப்பட்டது!

முறுக்கியவர் துவாய் ஆள். துவாய் நழுவியது.

இன்ஸ்பெக்டர் பிரகாஸ்!

"சேர்... நீங்கள் என்னை நம்பேல்லையே?"

"போனை வைச்சாப்பிறகு நாள்காட்டியை எடுத்து ஒருக்கா எண்ணிப் பாத்தன் தங்கச்சி. அண்ணைக்கு இனிப் பயமில்லை."

"சேர், விடுங்கோ!" கோபி திமிறினான். "கடன் கழிச்சிட்டன்! முப்பத்தொண்டு முடிஞ்சுது!"

பிரகாஸ் விலங்கை மாட்டினார்.

"அது செத்தவற்றை கணக்குத் தம்பி... பொலிசுக்கு இண்டைக்குத்தான் முதலாம் நாள்!"