தீர்ப்பில் ஒட்டிய காராமணி

வெர்லீன் ஸ்ட்ரவுட் அந்தத் தாளைத் துப்பறிவாளர் கோப்பின் மேசைமேல் வைத்தாள். குடிபோதையில் மகள் மேசியின் கையை ஒடித்தவன் டுவேன். அவனிடமிருந்து குழந்தையைப் பிரித்து, சித்தி வெர்லீனிடம் ஒப்படைத்த தீர்ப்பு அது. மேசியின் அம்மா உயிரோடு இல்லை. இப்போது டுவேனின் வக்கீல் தீர்ப்பே செல்லாது என்கிறார்.

அமெரிக்காவின் அந்தத் தென் மாநிலத்தில் உள்ளூர் நீதிபதிகளின் பதவிக்காலம் ஊருக்கு ஒரு விதமாக முடிந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் ஜனவரி நடுவில். போன தேர்தலில் மக்கள் வாக்களித்து, அரசியல் சாசனத்தைத் திருத்தி, எல்லோருக்கும் டிசம்பர் கடைசி நாளோடு சரி என்று ஆக்கிவிட்டார்கள். தீர்ப்பெழுதிய நீதிபதி ஹார்கெட் பதவி முடிந்த பிறகுதான் கையெழுத்திட்டார் என்பது வக்கீலின் வாதம். தாளில் இருந்த தேதியோ டிசம்பர் முப்பத்தொன்று.

"வீட்ல சாப்பிட்டுக்கிட்டே கையெழுத்து போட்டாராம், மிஸ்டர் கோப். கறைகூட இருக்கு பாருங்க. அவரு பொய் சொல்ற மனுஷனா?"

முன்னாள் போலீஸ்காரர் லெமுவல் கோப் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பழுப்புக் கறையில் பேனா மை ஊறிப் பரவியிருந்தது. ஓரத்தில் கறுப்புப் புள்ளியோடு ஒரு காராமணித் தோல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"கறை ஈரமா இருக்கறப்பவே போட்ட கையெழுத்து. அவர் சொல்றது நிஜம்தான் சார், ஜெயிச்சாச்சு" என்றான் உதவியாளன் டோபின். வடக்கிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாதவன், வேறென்ன சொல்வான்? லெமுவல் அந்தத் தோலை மறுபடி உற்றுப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு இருவரையும் ஹார்கெட் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

கிழவர் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். லெமுவல் சுற்றி வளைக்கவில்லை.

"வருஷக் கடைசி ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, ஜட்ஜ்?"

"பொரிச்ச மீன். வருஷா வருஷம் அதானே?"

"காராமணியும் கீரையும்?"

"அதைப் போயி முன்னாடியே ஆக்குவாங்களா, லெம்? புது வருஷத்தன்னைக்கு ஆக்கினாத்தானே அதிர்ஷ்டம்..."

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார்.

டோபினுக்காக லெமுவல் விளக்கினார். அந்த ஊரில் டிசம்பர் கடைசியில் யாரும் காராமணி ஆக்குவதில்லை; அதிர்ஷ்டத்துக்காக அது அடுப்பேறுவது ஜனவரி முதல் நாள்தான். மையும் குழம்பும் ஒன்றாகக் காய்ந்திருந்தால், கையெழுத்தும் அன்றைக்குத்தான்.

"இருபத்தாறு வருஷமா ஜனவரியிலதான் எனக்குப் பதவி முடியும்," என்றார் ஹார்கெட். "பழக்க தோஷம், வெர்லீன். இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சேன். மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சு. காலியா விட்டிருந்த இடத்துல முந்தின தேதியை எழுதிட்டேன்."

"நாம வாயைத் திறக்கலைன்னா?" டோபின் மெதுவாகக் கேட்டான்.

"அந்த வக்கீலும் இந்த ஊர்க்காரன்தான். அவன் வீட்லயும் அன்னைக்கு அதே சமையல்தான். இந்தத் தோலைப் பார்த்தாலே கண்டுபிடிச்சுடுவான்," என்றார் லெமுவல்.

வழக்கைப் புதிதாகத் தொடங்கலாம். ஆனால் புது நீதிபதி, பிள்ளை தகப்பனிடம்தான் இருக்க வேண்டும் என்று தேர்தலிலேயே பேசித் திரிந்தவர். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

வெர்லீன் அழவில்லை. "ஓட்டுச்சீட்டுக்குப் பின்பக்கம் ஒரு கேள்வி இருந்துச்சு. எல்லா ஜட்ஜுக்கும் பதவி முடியற நாளை ஒரே மாதிரி வைக்கலாமான்னு. இதுதானா அது?"

லெமுவல் தலையசைத்தார்.

"நல்லதுதானேன்னு 'ஆமா' போட்டேன்."

தானும் அதையேதான் போட்டதாகச் சொல்ல லெமுவல் வாயெடுத்தார். அதற்குள் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விடும் நேரம். மேசி வாசலில் காத்திருப்பாள்.