நிலவில் திறக்காத கதவு

விடிந்து ஒன்பதரை நாள் ஆகியிருந்தது. நிலவில் ஒரு பகல் பூமிக்கணக்கில் ஏறக்குறைய பதினைந்து நாள் நீளும் என்பதால், குடியிருப்பில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. வெளிக்கதவு திறக்க மறுத்ததுதான் அன்றைய தலைவலி. பாறை அள்ளப் போன இளம்பரிதி ஊர்தியோடு வாசலில் நின்றான். அவனிடம் இரண்டு மணி நேரக் காற்றே மிச்சம். கதவைச் சரிசெய்ய வேண்டிய நிரலாளர் பூங்கோதை, அவன் மனைவி.

முந்தின நாள்தான் அவள் கதவைப் புது இயங்குதளத்துக்கு மாற்றியிருந்தாள். கதவை இயக்கும் நிரல், எப்போதோ பூமிக்குத் திரும்பிவிட்ட தாமோதரன் சொந்தமாக எழுதியது. ஒரு வரிகூடப் படிக்காமல் அப்படியே தூக்கிப் புதுத் தளத்தில் போட்டுவிட்டாள். ஓடுகிற நிரலில் கை வைக்கக் கூடாது என்பது அவள் தொழிலில் எல்லோரும் காக்கும் விரதம்.

தளத்தை அணைத்துப் போட்டாள், மசியவில்லை. அதே நிரலைச் சமையலறையின் பழைய தளத்தில் ஓட்டினாள். மறுபேச்சின்றி 'திற' என்றது. வேறு வழியில்லாமல் நாலாயிரம் வரிகளையும் படிக்க உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் போனது.

கடைசியில் அகப்பட்டது. ராகுகாலத்தில் கதவைத் திறக்காதே என்று எழுதியிருந்தான் அந்த மகராசன். பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருந்தான். பழைய தளம் சென்னையின் பகலைக் கொடுத்தது. தினமும் ஒன்றரை மணி நேரம் கதவு அசையாதபோது, பராமரிப்பு வேலை என்று நினைத்து எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். புதுத் தளம் யோக்கியமானது. நிற்கிற இடத்துப் பகலைக் கொடுத்தது. நிலவுப் பகலில் எட்டில் ஒரு பங்கு நாற்பத்து நாலு மணி நேரம்.

பூங்கோதைக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வானொலியில் விஷயத்தைச் சொன்னாள். இளம்பரிதி தாமோதரனின் படிப்பையும் பட்டத்தையும் கிழித்துத் தொங்கவிட்டான். நிலவுக்கு வந்தும் இந்தப் புத்தி போகவில்லையே என்று இருவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்த வரிகளை அழித்தாள். சோதித்ததில் நிரல் சுத்தமாக ஓடியது. இனிப் பொத்தானை அமுக்க வேண்டியதுதான்.

"காத்து எவ்வளவுங்க இருக்கு?" என்றாள்.

"இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு வரும்." என்றவன் குரலைத் தாழ்த்தினான். "ஏம்மா, சென்னையில இப்ப மணி என்ன?"

"ரெண்டு நாப்பது. வியாழக்கிழமை."

"வியாழன்னா மூணு வரைக்கும்ல. இருபது நிமிஷந்தானே, முடியட்டும். அப்புறமும் அஞ்சு நிமிஷக் காத்து இருக்கும்."

பூங்கோதை பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அவளும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் காற்று எவ்வளவு என்று கேட்டிருந்தாள்.