அட்டையில் எழுதிய பெயர்

நேற்று சாயங்காலம் எழுதிய எழுத்து இன்னும் காயவில்லை. சந்தனமாரி தொட்டுப் பார்த்தாள். நீல மை விரலில் ஒட்டியது. கொற்கையின் சித்திரை வெயிலில் ஈரத்துணி பத்து நிமிஷத்தில் மொரமொரவென்று ஆகிவிடும். தகரக் கொட்டகைக்குள் தொங்கிய இந்த அட்டை மட்டும் ஈரமாகவே இருந்தது.

அட்டை, முதுமக்கள் தாழியின் கழுத்தில் கட்டியிருந்தது. குழி எண், ஆழம், தேதி, அதற்குக் கீழே கண்டெடுத்தவர் பெயர். நேற்று வரை அங்கே தஸ்மியா என்று இருந்தது. அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றில் தன் பெயரை எழுதிக் கட்டியவள் சந்தனமாரிதான். அட்டையில் இருப்பதுதான் பதிவேட்டில் ஏறும். ஏறிவிட்டால் யாரும் மாற்றமாட்டார்கள்.

பின்னே என்ன? பாண்டியர்கள் முத்து விற்ற இந்த ஊரில் நாலு வருஷமாக அகழாய்வுக் குழி மண்ணைச் சலிக்கிறவள் அவள். கிடைத்ததெல்லாம் ஓட்டுத்துண்டு. மேலப்பாளையத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த தஸ்மியா, வந்த ஆறாம் நாளே மூடிகூட விலகாத தாழியைக் கண்டுபிடித்துவிட்டாள். மியூசியத்தில் அவள் பெயரையும் வைப்போம் என்று அதிகாரி இன்பமணி சொன்னதிலிருந்து சந்தனமாரிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை சிரித்தால்கூட வயிறு எரிந்தது.

இன்று மூடியைத் திறந்திருந்தார்கள். உள்ளே இருக்கும் மண்ணை எடுப்பது அனுபவக்காரியான சந்தனமாரியின் வேலை. மற்றவர்கள் வன்னி மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எக்கா, சோறு ஆறுது. வாங்க," என்று தஸ்மியா வாசலில் வந்து நின்றாள்.

"நீ போய்ச் சாப்பிடு. இதுல வேற யாரும் கை வைக்கக் கூடாது."

அவள் போனதும் சந்தனமாரி கரண்டியால் மண்ணைச் சுரண்டத் தொடங்கினாள். கடல் இந்த ஊரை விட்டு விலகி எத்தனையோ நூறு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் தாழிக்குள்ளிருந்து உப்பும் பாசியும் கலந்த வாடை குளிர்ச்சியாக முகத்தில் அடித்தது; காதைக் கொடுத்தால் எங்கோ அலை புரண்டு புரண்டு மணலைக் கரைப்பது கேட்டது. முதலில் ஒரு கறுப்பு சிவப்புக் கிண்ணம் வந்தது. அதில் உமி இருந்தது.

அதற்கு அடியில் நீலநிற ஹேர் கிளிப். அதில் ஒரு பல் உடைந்திருந்தது. அவளுடையதேதான்.

காலையில் தலையணைக்கு அடியிலெல்லாம் அதைத்தான் தேடியிருந்தாள். சுற்றியிருந்த மண் கல்லாக இறுகிக் கிடந்தது. யாரும் கிளறிய மண் இல்லை. கூப்பிடலாம். ஒரு குரல் கொடுத்தால் ஓடிவருவார்கள். தஸ்மியாவும் வருவாள், பிரஷ்ஷை வாங்குவாள், இதுவும் அவள் கண்டெடுத்ததாக ஆகிவிடும். சந்தனமாரி வாயை மூடிக்கொண்டாள்.

கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். அடி தட்டுப்படவில்லை. இன்னும் குனிந்தாள். அலைச் சத்தம் நின்றது.

ஒரு விரல். நகம் இருந்தது. பைய மண்ணைத் தள்ளினாள். விரல் நுனியில் நீல மை. ஈரம்.

அது அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தது.

இருட்டு. முழங்கால் மோவாயில் இடித்தது. வாய் நிறைய மண். கத்தினாள். சத்தம் வரவில்லை. மேலே வட்டமாக வெளிச்சம்.

வட்டத்துக்குள் தஸ்மியாவின் முகம் வந்தது. பிரஷ் சந்தனமாரியின் நெற்றியில் பட்டது. கன்னத்தில் பட்டது.

"பல்லெல்லாம் முழுசா இருக்கு சார். பொம்பளைதான்னு நினைக்கேன்."

"அட்டையில உன் பேரைக் காணமே. யாரு இது, சந்தனமாரி?" என்றது இன்பமணியின் குரல்.

"தெரியல சார். அப்படி யாரும் நம்மகிட்ட வேலை பார்க்கலியே."

"சரி, உன் பேரைப் போட்டு வேற எழுது."

தஸ்மியா அட்டையைக் கிழித்துப் போட்டாள். ஒரு துண்டு சந்தனமாரியின் பற்களுக்கு நடுவே விழுந்தது. புது அட்டையில் எழுதி, ஊதினாள். மை உடனே காய்ந்தது. பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, மூட முடியாத அந்தக் கண்களை நோக்கிப் பைய குனிந்தாள்.