அரைமணி மேடு

காலை ஆறு மணிக்கு எஃகு நாடாவின் கடைசி இரண்டு மீட்டரில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, நகராட்சியின் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குவேன். தண்ணீர் தொட்ட இடத்தில் சுண்ணம் கறுத்திருக்கும். அந்தக் கோடுதான் அன்றைய நீர்மட்டம். கிணற்றுக்குள் ஓர் அழுத்த உணரியும் உண்டு. அது நாள் முழுவதும் நீர்வரைவு என்ற கோட்டைத் திரையில் இழுத்துக்கொண்டே போகும். ஆனால் சட்டம் நாடாவைத்தான் நம்பும். சென்சார் பொய் சொன்னாலும் துளசிமணியின் நாடா சொல்லாது என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

இந்தக் கிணற்றிலிருந்து யாரும் குடிப்பதில்லை. இது மட்டம் பார்ப்பதற்கு மட்டும். கீழே இருக்கும் பாறைநீரை ஏழு ஊர்கள் உறிஞ்சுகின்றன. தண்ணீருக்காக ஊரும் ஊரும் வெட்டிக்கொண்ட பிறகு நீரெல்லைச் சட்டம் வந்தது. சாலைகளை மூடினார்கள், தொலைபேசியைத் துண்டித்தார்கள். பாறைக்குள் மட்டும் எவராலும் வேலி போட முடியவில்லை. எங்கோ ஓர் ஊரில் மோட்டார் நின்றால், என் திரையில் கோடு ஏறும்.

என் தம்பி சென்னியப்பன் பதினோரு கிலோமீட்டர் தள்ளி, செம்மடையில் மோட்டார் இயக்குபவன். தொலைபேசி போவதற்கு முந்தைய நாள் பேசினான்.

"அக்கா, தெனமும் காலைல ஆறு மணிக்கு மோட்டார அரைமணி நேரம் நிறுத்தறன். சூடு ஆறட்டும்னு எழுதிக்குவன். உன்ற கோட்டுல தெரியுமில்ல?"

"தெரியும்டா."

"தெரிஞ்சா நா இருக்கறன்னு வெச்சுக்க."

மற்ற ஊர் மோட்டார்கள் நிற்காமல் ஓடும். அதனால் அவன் நிறுத்தியது பாறை வழியே வந்து சேரும் ஏழு மணி வாக்கில் எள்ளளவு மேடு ஒன்று கோட்டில் தனியாகத் தெரியும். ஒன்பது வருடங்களாக அதைப் பார்த்த பிறகுதான் காப்பி குடிப்பேன். பதிவேட்டில் ‘கருவிப் பிழை’ என்று எழுதுவேன். என் வேலையில் நான் எழுதிய ஒரே பொய் அது.

தரையிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான் சிவப்புக்கோடு. மட்டம் அதற்குக் கீழே போனால் ஏழில் ஓர் ஊரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து மூடுவார்கள். மின்சாரம் நிற்கும், சனங்களை லாரியில் ஏற்றி வடக்கு முகாமுக்குக் கொண்டுபோவார்கள். எந்த ஊர் என்று மற்ற ஊர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். முகாமிலிருந்து கடிதம் வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பதினாறு நாட்களுக்கு முன் நாடா முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் நாலு சென்டிமீட்டர் காட்டியது. ஆணையர் அர்த்தனாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, இன்னொருக்கா எறக்கிப் பாருங்களேன். நாலே சென்டிமீட்டர்தானுங்க."

"மூணு வாட்டி எறக்கியாச்சுங்க."

"ஒரு ஊரே போயிருமுங்க. நம்மூராக்கூட இருக்கலாம்."

"இருக்கட்டுமுங்க. இன்னைக்கு நால மறைச்சா, நாளைக்கு நாப்பது மறைக்கோணும்."

அவர் கையெழுத்துப் போட்டார். அன்று முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது சொல்லவே கூசுகிறது.

நேற்று மேடு வரவில்லை. தம்பிக்குக் காய்ச்சலாக இருக்கும், வேறு யாராவது வேலைக்கு வந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இன்று நாடாவை மேலே இழுத்தால் முந்நூற்றுப் பதினொன்று மீட்டர் எண்பத்தொன்று. இருபத்து மூன்று சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது.

அர்த்தனாரி வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

"ஏறிருச்சுங்கம்மா! இன்னையிலருந்து வீட்டுக்கு ஒரு குடம் சேத்திக் குடுக்கலாமுங்க. அன்னைக்கு நீங்க நேர்மையா எழுதுனதுக்குப் பலன்."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணி ஆனது. ஏழரை ஆனது. கோடு ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. ஓடுகிற மோட்டாரைத்தான் அரைமணி நிறுத்த முடியும்.

"செம்மடைங்க," என்றேன்.

"என்னுங்க?"

"மூடுன ஊரு."

"அதெப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"

பதிவேட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். பக்கம் பக்கமாகக் கருவிப் பிழை, கருவிப் பிழை. "இதெல்லாம் பிழையில்லைங்க. என்ற தம்பிங்க," என்றேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே ஒலிபெருக்கியில் கூடுதல் குடம் பற்றிய அறிவிப்பு ஓடியது. தெருவில் கைதட்டினார்கள்.

சிவப்புக்கோட்டுக்கு இன்னும் பத்தொன்பது சென்டிமீட்டர் இருக்கிறது. கூடுதலாக ஒரு குடம் இறைத்தால் ஐப்பசிக்குள் அதைத் தொட்டுவிடும். அப்போது ஆறு ஊரில் குலுக்குவார்கள். எங்கள் மோட்டார் நின்றால் அதை எந்தத் திரையில் யார் பார்ப்பார்கள்? தெரியவில்லை.

மாலையில் கூடுதல் குடம் வீட்டுக்கு வந்தது. தொடக்கூடாது என்று மூடி வைத்தேன். வெயில் நாள், என் பங்கு மதியமே தீர்ந்திருந்தது. ஒரு மணி நேரம்தான் தாக்குப்பிடித்தேன். ஒரு செம்பு மொண்டு குடித்தேன். தாகம் அடங்கிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.